கோமதி மேடம் எந்தத் துறை?

திங்கட்கிழமை காலை மந்தைவெளி வீட்டில் தொலைபேசி அடித்தது. எங்கள் கல்லூரி அட்டெண்டர் ஏழுமலை. அவர் மெரினாவில் நின்று கூப்பிட்டால் அந்தமானில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அன்று அவர் பேசியது என் காதுக்கே சரியாக எட்டவில்லை.

“சார், நம்ம கோமதி மேடம் தவறிட்டாங்க சார். நேத்து சாயங்காலம் நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள...”

நான் கையில் இருந்த காபியைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“சார், லைன்ல கீறீங்களா? நோட்டீஸ் போர்டுல பேர் எழுதிட்டேன். துறை இன்னான்னு போடறது? ரிஜிஸ்டர்ல தமிழ்னு கீது. தமிழ் ஐயாவ கேட்டா, அந்தம்மா செஞ்சது எங்க வேலையே இல்ல, கம்ப்யூட்டர்னு போடுன்றாரு. கம்ப்யூட்டர் சாரு, அவங்க தமிழம்மா, இங்க ஏன் வர்றேன்றாரு. நீங்கதானே சார் அன்னிக்கு எல்லை போட்டீங்க? நீங்களே சொல்லுங்க.”

“பேர் மட்டும் இருக்கட்டும் ஏழுமலை. துறையை அப்புறம் சொல்றேன்” என்றேன். சொல்லி ஒரு மாதம் ஆகிறது.

கல்லூரியின் இந்த நினைவு மலரைப் படிக்கும் நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். தமிழ்த் துறை விரிவுரையாளர், மெல்லிய குரல், கைப்பையில் எப்போதும் சீவிய இரண்டு பென்சில். ஆனால் தி.நகரில் அவருடைய அண்ணன் நடத்திய ஜவுளிக்கடையில், ஷட்டர் பாதி தூக்கியிருக்கும் காலை ஏழு மணிக்கு, அவரைப் பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? நான் பார்த்திருக்கிறேன். இமயமலையைவிட ஓரடி உயரமான சேலை அடுக்குகளுக்கு நடுவில், பில் போடும் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பழம்பாடல் தொகுதி ஒன்றை அவர் எழுத்தெழுத்தாக ஏற்றிக்கொண்டிருந்தார். எந்தச் சொல் எந்தப் பாட்டில் எத்தனை முறை வருகிறது என்று முழு அகராதி செய்வது அவர் நோக்கம். இயந்திரத்துக்குத் தமிழ் எழுத்து தெரியாத காலம். ஆங்கில எழுத்தில்தான் தமிழை அடிக்க வேண்டும். ஒன்பதரைக்கு முதல் வாடிக்கையாளர் வந்ததும் எழுந்துவிட வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து வந்து முப்பது வருஷமாகியும் அண்ணாச்சியின் பேச்சு தாமிரபரணியைத் தாண்டவில்லை. “ஏட்டி கோமதி, ஒம் புலவருங்களக் கொஞ்சம் எறக்கி வையி. தீவாளிச் சரக்கு ஏத்தணும்லா?”

“ஏத்துங்கண்ணே. எம் பாட்டு மேல உள்பாவாடைய அடுக்கிராதீய.”

அந்தத் தீபாவளிக்கு யாரோ ஒரு மாமி வாங்கிய பட்டுப்புடவையின் பில்லில், விலைக்குக் கீழே, தலைவனைப் பிரிந்த ஒருத்தியின் புலம்பல் நாலு வரி அச்சாகி வந்துவிட்டது. மாமி அதைத் தள்ளுபடி விதிமுறை என்று நினைத்து மூன்று முறை படித்தாராம். அண்ணாச்சி சத்தியம் செய்து சொன்னார். நான் கொஞ்சம்தான் சேர்த்திருக்கிறேன்.

கல்லூரியிலேயே கணிப்பொறி அறை இருந்ததே என்பீர்கள். இருந்தது. குளிரூட்டிய கர்ப்பக்கிருகம். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய முடியும். கோமதி மேடம் செருப்பை விட்டார். ஆனாலும் உள்ளே விடவில்லை. அந்தத் துறையின் ஆய்வு மாணவர்களுக்கு மட்டுமே நாற்காலி. தமிழ்த் துறையிலோ நாற்காலிகள் ஏராளம், கம்ப்யூட்டர்தான் இல்லை. ஆகவே முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தார். பதிவு கிடைத்தால் அந்த அறையில் ஒரு நாற்காலி உரிமையாகிவிடும். தீபாவளி வந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். அவர் கேட்டது அந்த நாற்காலி ஒன்றுதான்.

விண்ணப்பத்தைப் பார்த்துக் கல்லூரி நடுங்கியது. இது இலக்கியமா, இயந்திரமா? எல்லையை வரையறுக்கக் குழு அமைத்தார்கள். இரண்டும் தெரியாதவன் என்ற ஒரே தகுதியால் சரித்திரத் துறைக்காரனாகிய நான் அதன் செயலாளர் ஆனேன். உலகப் போர்களை முடித்த மாநாடுகள்கூட அவ்வளவு பஜ்ஜி தின்றிருக்காது. முதல் மூன்று கூட்டங்களும் பெயர் வைப்பதிலேயே போயின. ‘கணிப்பொறிவழிக் கலைப்புல ஆய்வு’ என்று முடிவானபோது, அதைச் சொல்லி முடிப்பதற்குள் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.

நான்காவது கூட்டத்துக்குக் கோமதி மேடத்தைக் கூப்பிட்டோம். தமிழ்த் துறைத் தலைவர் கேட்டார்: “ஏம்மா, மிஷினே எண்ணிடுதுன்னா நீங்க என்னதான் பண்றீங்க?”

“பிரிக்கறது நான் ஐயா. எண்ணறது அது.”

பழம்பாட்டில் சொற்கள் மாம்பலத்தில் காலை ஒன்பது மணி ரயிலில் ஜனங்கள் நிற்பதுபோல் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். நடுவே இடம் விட்டு அடித்தால்தான் இது தனிச்சொல் என்று இயந்திரத்துக்குப் புரியும். எங்கே வெட்டுவது என்பது மனிதர் எடுக்கும் முடிவு. “ஓரிடத்துல வெட்டினா தலைவி அழறா. ஒரு எழுத்துத் தள்ளி வெட்டினா மழை பெய்யுது. எது சரின்னு தெரியாத இடத்தை இதுல குறிச்சு வெச்சிருக்கேன்” என்று நீல அட்டை நோட்டு ஒன்றை மேஜைமேல் வைத்தார். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஓர் எண். தெளிந்ததும் எதிரே பென்சிலில் ஒரு டிக்.

கணிப்பொறித் துறைத் தலைவர் அதைத் தொடவில்லை. “மிஷினுக்குள்ள போகாத எதுவும் எங்க சப்ஜெக்ட் இல்ல மேடம்.”

தமிழ்த் துறைத் தலைவரும் தொடவில்லை. “சந்தேகத்தையெல்லாம் எழுதி வெச்சா அதுக்குப் பேர் புலமையா?”

நோட்டு மேஜையின் நடுவில் கிடந்தது. அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு தலைவர்களையும் சமாதானப்படுத்தி, தொல்காப்பியருக்கே வியர்க்கும்படி ஒரு வரையறை எழுதினேன். சொல் இயந்திரத்தின் வாசலை அடையும்வரை தமிழ்த் துறை செய்யும். உள்ளே நுழைந்து விடையாக அச்சாகும்வரை கணிப்பொறித் துறை செய்யும். அந்தந்தப் பகுதியை அந்தந்தத் துறையினரே செய்தால் அது இப்புதிய ஆய்வுப்புலம். இருவரும் கைதட்டினார்கள். நான் அன்று சர்வதேச நீதிமன்றத்துக்கே போகத் தயாராக இருந்தேன்.

பிரதியைக் கோமதி மேடத்திடம் கொடுத்தேன். தாழ்வாரத்தில் நின்றபடியே படித்தார். சிரித்தார்.

“நல்லா இருக்கு சார். ஒண்ணே ஒண்ணு. வாசப்படி யாரோடது?”

“புரியலையே மேடம்.”

“ரெண்டு பக்கத்துக்கும் ஆள் போட்டுட்டீங்க. நான் உக்காந்திருக்கறது வாசப்படியில.”

அப்படியும் எனக்குப் புரியவில்லை. இரண்டு வாரம் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்ததும் புரிந்தது. ‘விண்ணப்பதாரர் இரு பகுதிகளையும் தாமே செய்வதால் மேற்படி எல்லைக்குள் அடங்கவில்லை.’ கீழே செயலாளர் என்று என் கையெழுத்து. அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த ஒரே ஆளை வெளியே நிறுத்தி ஒரு துறைக்கு வேலி போட்டிருக்கிறேன். இப்படி ஒரு சாதனையைச் சரித்திரத்தில் நான் படித்ததில்லை.

மன்னிப்புக் கேட்கத் தி.நகருக்குப் போனேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “உக்காருங்க சார். ஒன்பதரை வரைக்கும் நேரம் இருக்கு” என்றார். மேலும் ஆறு வருஷம், தினமும் இரண்டரை மணி நேரம், அந்த ஸ்டூலிலேயே அகராதியை முடித்தார். மடிப்பு மடிப்பாக அச்சாகி வந்த காகிதத்தை அண்ணாச்சி துணி அளக்கும் கோலால் அளந்து பார்த்தார். அந்த ஆய்வை யாராவது மதிப்பிட்டார்கள் என்றால் அவர்தான்.

அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று மேற்கு மாம்பலத்தில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணாச்சி உள்ளே போய் அந்த நீல நோட்டை எடுத்து வந்தார்.

“சார்வாள், இதுல ஒங்க பேரு இருக்கு. நீங்களே வச்சுக்கிடுங்க.”

புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் சந்தேகம், எதிரே டிக். சில டிக்குகளை அழித்து மறுபடி போட்டிருந்தார். முந்நூற்றுப் பதினேழாம் எண்ணில் நின்றேன். என் வரையறையை, கீழே இருந்த என் பெயரோடு, கத்தரித்து அழகாக ஒட்டியிருந்தார். பக்கத்தில் அவருடைய சின்ன எழுத்தில்: ‘சார் எழுதியது. எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை. பிறகு பார்க்க.’

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் என்னைத் தீராத ஒரு பழைய வரியாக எண் போட்டு வைத்துக்கொண்டு, அடுத்த பாட்டுக்குப் போயிருக்கிறார்.

நோட்டு இப்போது என் மேஜையில் இருக்கிறது. தினமும் காலை ஏழு மணிக்குத் திறந்து, அந்த வரையறையில் எங்கே வெட்டினால் அவர் உள்ளே வருவார் என்று பார்க்கிறேன். ஓரிடத்தில் வெட்டினால் தமிழ் போய்விடுகிறது, இன்னோரிடத்தில் வெட்டினால் இயந்திரம். ஏழுமலை நேற்றும் கேட்டார்: “இன்னா சார் போடறது?” யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். முந்நூற்றுப் பதினேழுக்கு எதிரே இன்னும் டிக் இல்லை. பென்சிலை மட்டும் சீவி வைத்திருக்கிறேன்.