இரண்டாவது பிரேக்

மாமா பிரார்த்தனைக் கூடத்தில் எழுந்து நின்று கடவுளைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டாராம். அம்மா தொலைபேசியில் சொன்னாள். அம்மாவுக்குச் சொன்னது தையல்கார அக்கா. அவளுக்குச் சொன்னது துணி தைக்கக் கொடுக்க வந்த ஒருத்தி. அந்த ஒருத்தியும் கூடத்துக்குப் போகிறவள் இல்லை, அவள் கொழுந்தன்தான் போகிறவன். இத்தனை வாய் மாறி வந்ததில், மாமா போதகரின் சட்டையைப் பிடித்ததும் மைக்கைப் பிடுங்கியதும் கூடச் சேர்ந்திருந்தது.

"என்னதான் கேட்டாராம்?" என்றேன்.

"எல்லாம் வல்ல கடவுள் தனக்கே பிடிக்காததைச் செய்வாரான்னு கேட்டானாம். இது ஒரு கேள்வியா? பேரன் எடுக்கிற வயசுல?"

"இதுல கெட்ட வார்த்தை எங்கம்மா வந்துச்சு?"

"அதை உன் மாமனையே கேளு. நான் கேட்டா எரிஞ்சு விழுவான். அக்கான்னு ஒரு மரியாதை உண்டா அவனுக்கு?"

வெளிநாட்டில் இருப்பவளுக்கு ஊர்ச் செய்தி இரண்டு வகையில்தான் வரும். ஒன்று 'ஒண்ணுமில்ல, எல்லாரும் நல்லாருக்கோம்'. இன்னொன்று சாவு. இது இரண்டிலும் சேரவில்லை. அன்று முழுக்க அலுவலகத்தில் போனைத் திரை தெரியும்படி மேசைமேல் வைத்துக்கொண்டே வேலை பார்த்தேன்.

மாமா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கூரைமேல் பலகை கட்டிய, முன்னும் பின்னும் எல் போர்டு ஒட்டிய சின்ன வெள்ளைக் கார். அதில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ரெண்டாம் பிரேக்'. அவருக்குத் தெரிந்தேதான் வைத்தார்கள். அவரும் அந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

முதல் நாள் பாடத்தில் எல்லாரிடமும் ஒன்றே சொல்வார்: "ஓட்டுறது உங்க வேலை. பயப்படுறது என் வேலை. ரெண்டையும் நீங்களே செஞ்சா எனக்கு எதுக்குக் காசு?"

தேய்ந்துபோன கான்வாஸ் ஷூதான் போடுவார். தடித்த அடிப்பாகம் இருந்தால் பிரேக் காலுக்குத் தெரியாதாம். மிதிக்காமல், எடுக்காமல், பிரேக்குக்கு ஒரு விரற்கடை மேலே காலைத் தூக்கிப் பிடித்தபடியே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்தக் காலை மட்டும் நாற்காலிமேல் போட்டு அத்தை தைலம் தேய்ப்பாள். "கார் ஓட்டினவன் ஜாலியா வீட்டுக்குப் போயிட்டான். ஓட்டாத மனுஷனுக்குக் கால் வீங்குது," என்று சொல்லிக்கொண்டே தேய்ப்பாள்.

ஆரம்பப் பாடங்களில் அவர் பாட்டுக்கு மிதிப்பார், சொல்ல மாட்டார். தான் நினைத்த இடத்தில் கார் நின்றது என்று ஓட்டுகிறவர் நினைத்துக்கொள்வார். மாமாவும் "பரவாயில்லையே" என்பார். பிறகு நாளுக்கு நாள் மிதிப்பதைக் குறைத்துக்கொண்டே வருவார். நடைபாதை ஓரத்தில் டயர் உரசப் போவது தெரிந்தால்கூட விட்டுவிடுவார். உரசும். ஓட்டுகிறவர் முகம் வெளுக்கும். மாமா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "டயர்தானே, வலிக்காது. அடுத்த தடவை நீங்களே பார்த்துப்பீங்க," என்பார். மற்ற பயிற்சிக்காரர்கள் எதற்கெடுத்தாலும் மிதித்துக் காப்பாற்றுவார்கள். அவர்களிடம் படித்தவர்கள் தேர்வில் தோற்றார்கள். மாமாவிடம் படித்தவர்கள் முதல் தடவையிலேயே தேறினார்கள். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

மாமாவின் ஒரே மகளை நாங்கள் வாண்டு என்று கூப்பிடுவோம். கல்லூரி முடித்த கையோடு அவளும் அப்பாவிடம் கற்றுக்கொண்டாள். அவளுக்குக் கடைசிப் பாடம். பஜார், பாலம், சுற்றுப்பாதை எல்லாம் ஓட்டிவிட்டு, மாமா ஒரு வார்த்தை பேசாமலும் ஒரு தடவைகூட மிதிக்காமலும் இருக்க, வீட்டு வாசல் வரை வந்துவிட்டார்கள். அத்தைக்கு ஹாரன் கேட்டது. சக்கரம் வைத்துப் பக்கவாட்டில் தள்ளுகிற இரும்புக் கேட், பாதியில் எப்போதும் சிக்கும். அத்தை அதைத் தோளால் முட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். வாண்டு பிரேக்கை மிதிப்பதாக நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தாள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றே அத்தை போய்விட்டாள்.

விசாரிக்க வந்தவர்களிடமும் சொந்தக்காரர்களிடமும் மாமா ஒரே பதிலைத்தான் சொன்னார்: "நானும் மிதிச்சேன். இடம் பத்தல." அந்தக் காரையும் அந்தக் கேட்டையும் பார்த்த யாரும் அதை மறுக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் மாமாவின் கையைப் பிடித்து ஆண்டவன் சித்தம் என்றார்கள். வாண்டின் கையையும் பிடித்தார்கள், ஆனால் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். மாமா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பிரார்த்தனைக் கூடத்துக்குப் போக ஆரம்பித்தவர்தான், பிறகு ஒரு வாரமும் தவறவில்லை. நாற்காலி எடுத்துப் போடுவது, விளக்கு அணைப்பது வரை அங்கே அவர்தான்.

வாண்டு வேலை தேடி நான் இருக்கிற நகரத்துக்கே வந்துவிட்டாள். இப்போது முப்பதைத் தாண்டிவிட்டாள், இன்னும் வாண்டுதான். கார் ஓட்டமாட்டாள். டாக்சியில் முன்னால் உட்காரமாட்டாள். கல்யாணப் பேச்சு எடுத்தால், "என்னை நம்பி ஒரு ஆள் வாசல்ல நிக்க வேண்டாம்க்கா," என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியாது. அப்பாவோடு அவளுக்குச் சண்டையெல்லாம் இல்லை. குறுஞ்செய்தி அனுப்பிக்கொள்வார்கள். 'இங்கே மழை.' 'இங்கேயும்.' பேசிக்கொள்வது மட்டும் இல்லை.

ஒருமுறை நான் வாய் தவறி அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன், எல்லாம் அவர் சித்தம் என்று. அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவர் சித்தம்னா அவர் காலாலயே மிதிச்சிருக்கலாமே," என்றாள். "என் காலை எதுக்குக் கடன் வாங்கினாரு?"

பிறகு தட்டைத் துடைத்து அடுக்கில் வைத்தாள்.

அம்மா வதந்தி சொன்ன மறுநாள் மாமாவைக் கூப்பிட்டேன். எடுத்த எடுப்பிலேயே, "அக்கா சொல்லிட்டாளா? எதுல திட்டினேன்னு சொன்னா, இங்கிலீஷ்லயா?" என்றார்.

"என்ன மாமா நடந்துச்சு?"

"அந்தப் போதகர் பேசிக்கிட்டிருந்தார்மா. எல்லாம் வல்லவர் தன் விருப்பத்துக்கு மாறா எதையும் செய்யமாட்டார், அவரைக் கட்டாயப்படுத்த யார் இருக்கான்னார். நியாயம்தானே. நான் எழுந்து, சரிங்க, செய்யமாட்டார், ஆனா தனக்கு வேண்டாங்கிறது கண் முன்னால நடக்கும்போது சும்மா உக்காந்திருப்பாரான்னு கேட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"உக்காந்திருப்பார்னு சொன்னார். மனுஷனுக்குச் சுதந்திரம் கொடுத்திருக்கார், ஒவ்வொரு தடவையும் கையைப் பிடிச்சுத் தடுத்தா அவன் எப்பத்தான் கத்துக்குவான், அவனாத் திருந்தணும்கிறதுதான் அவர் விருப்பம்னார். நல்லாப் பேசுவார் அந்த ஆள். நான் விடல. நடுவுல ஒருத்தி செத்துட்டாளேன்னு கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சார். அதுல கடவுளுக்கும் துக்கம்தான்னார்."

மறுமுனையில் மாமா தண்ணீர் குடிப்பது கேட்டது.

"பொய் சொல்லலம்மா அவர். மனசாரத்தான் சொன்னார். அதான் எனக்குத் தாங்கல. அப்படின்னா கடவுளும் என்னை மாதிரி உருப்படாத பயதான்னு சொல்லிட்டு வந்துட்டேன். அந்த 'பய' மட்டும் ஊரைச் சுத்துது. 'என்னை மாதிரி'ங்கிறதை வழியிலேயே விட்டுட்டாங்க."

"உங்களை மாதிரின்னா?"

போன் துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"நான் மிதிக்கலம்மா," என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை.

"அவ கால் தப்பான இடத்துக்குப் போறதைப் பார்த்தேன். என் கால் பிரேக் மேலதான் இருந்துச்சு. அன்னிக்கு ஒரு தடவைகூட மிதிக்கலை, கடைசி வரைக்கும் அவளாவே நிறுத்தணும்னு ஒரு ஆசை. மாத்திடுவா, இப்ப மாத்திடுவான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். ரொம்ப நேரம் இல்லம்மா. ஒரு மூச்சு விடுற நேரம். அப்புறம் மிதிச்சேன். அப்ப மிதிச்சு என்ன?"

"இடம் பத்தலைன்னு சொன்னீங்க."

"இடம் இருந்துச்சு."

நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே துணி உலர்த்தும் கம்பியில் என் பையனின் சீருடை தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என் மாமா நல்லவர் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

"இத்தனை வருஷம் அவ சுமந்துக்கிட்டு இருக்கா மாமா. தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும். அவ பழியைச் சுமந்தா. நான் ஊர்க்காரங்க அனுதாபத்தைச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். மூணு வேளையும் வந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"சொல்லணும்னு ஆஸ்பத்திரி வராந்தாவுலயே நினைச்சேன். அப்புறம் தினமும் நினைச்சேன். என்னை யார் தடுத்தா? ஒருத்தரும் இல்ல. தனக்கு வேண்டாங்கிறது நடக்கும்போது ஒருத்தர் சும்மா உக்காந்திருப்பாரான்னு கூடத்துல போய்க் கேட்டேனே, நான்தான் வீட்டுல தினமும் உக்காந்து காட்டிக்கிட்டிருக்கேன்." அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "நீ பக்கத்துலதானம்மா இருக்கே. பக்குவமா நீயே அவகிட்ட..."

"நான் சொல்லமாட்டேன். அது உங்க கால் மாமா."

பிறகு அவர் கேட்டார், "ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்கு வருவாளா?"

"வருவா."

"மத்தியானம் கூப்பிடுறேன். அவ போனுக்கே. நீ பக்கத்துல இரு. கேட்டுட்டு அவ தனியாத் தெருவுல இறங்கிடக்கூடாது."

"கண்டிப்பாக் கூப்பிடுவீங்களா?"

"கூப்பிடணும்னுதான் இருக்கேன்," என்றார். இந்தக் குடும்பத்தில் அந்தப் பதிலை நம்பி எதையும் செய்ய முடியாது. இருந்தும் நான் வாண்டை மதியச் சாப்பாட்டுக்கே வரச் சொன்னேன். வீட்டுக்காரரையும் பையனையும் நீச்சல் குளத்துக்கு அனுப்பினேன். "என்ன விசேஷம்?" என்றார் அவர். "ஒண்ணுமில்ல," என்றேன், ஊரிலிருந்து எனக்குச் சொல்வார்களே, அதே குரலில்.

வாண்டு வழக்கம்போல இரண்டு பஸ் நிறுத்த தூரத்தையும் நடந்தே வந்தாள். காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அலுவலகத்தில் தன் மேலாளர் எல்லாக் கடிதத்திலும் 'அன்புடன்' போட்டுவிட்டு ஆளை வேலையைவிட்டு எடுக்கிற கதையைச் சொன்னாள். அந்த ஆள் குரலிலேயே பேசி நடித்தும் காட்டினாள். நன்றாகவே இருந்தாள். இதைக் கெடுக்கப்போகிறோமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மாமா கூப்பிடாமலே இருந்துவிட்டால் நல்லது என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக அவர்மேல் இன்னும் ஆத்திரமாக வந்தது.

சாப்பிட்டு, டீ போட்டு, பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்தேன். அவள் போன் மேசை நடுவில் இருந்தது. அது அடித்தது.

திரையில் 'அப்பா' என்று வந்தது. அவள் அதை வேறு யாருடைய போனோ என்பதுபோல் பார்த்தாள்.

"அக்கா," என்றாள். "யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"பின்ன ஏன் இவர் கூப்பிடுறாரு? மெசேஜ்தானே போடுவாரு." என் முகத்தைப் பார்த்தாள். "உனக்குத் தெரியும். உனக்கு என்னமோ தெரியும்."

"எடு வாண்டு. அவரே சொல்வாரு."

"நீ எடேன்."

"உனக்குத்தான் கூப்பிடுறாரு."

கையில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது. அதை மடியில் துடைத்துக்கொண்டாள். பிறகு மறுபடியும் துடைத்தாள், இப்போது துடைக்க ஒன்றும் இல்லை. போன் அடித்து ஓய்ந்தது. நான் மூச்சுவிடுவதற்குள் மறுபடி அடிக்கத் தொடங்கியது. மனிதர் இந்தத் தடவை விடுவதாக இல்லை.

"எடுத்தா என்ன சொல்வாரு?" என்றாள்.

சொல்லிவிட எனக்கு ஒரு வாக்கியம் போதும். போன் மேசைமேல் அதிர்ந்து அதிர்ந்து டீ கோப்பைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. அவள் கை அதற்கு ஒரு விரற்கடை மேலே வந்து நின்றது. அங்கேயே நின்றது.