வாசலில் வேப்பிலை, காலில் தெள்ளு

என் தங்கை பழனாத்தாளுக்கு ஒரு பழக்கம் உண்டு. தறியில் ஓடி இறங்கிய துணியில் எங்காவது இழை விட்டுப்போயிருந்தால், அந்த இடத்தை உள்ளே வைத்துச் சுருட்டமாட்டாள். மேலே தெரியும்படி மடித்து, அதில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி, தறிக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டிவிடுவாள்.

"உள்ளார வெச்சுச் சுருட்டுனா இன்னிக்குத் தப்பிச்சுக்கலாம். நாளைக்கு விரிக்கறவன் ஒருத்தன் இருக்கறானல்லோ" என்பாள்.

கருமத்தம்பட்டியில் அவள் வேலை செய்த இடங்களிலெல்லாம் இதற்காக அவளைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஒரு தறிக்காரர் அவளுக்கு 'செவப்பு நூலு' என்றே பெயர் வைத்திருந்தார். ஆனால் நல்ல ஆர்டர் வந்தால் அவளைத்தான் ஆள் விட்டுக் கூப்பிடுவார். நான் ஆறாவதோடு நின்றவள், அவள் எட்டாவது வரை போனாள். எங்கள் வீட்டில் அதுவே பெரிய படிப்பு. அவளைப் பற்றிச் சொல்ல எத்தனையோ இருந்தாலும், போன பங்குனியில் நடந்ததைச் சொன்னாலே அவள் யார் என்று தெரிந்துவிடும்.

அவளுக்கு ஒரே பெண், ரித்திகா. காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை மதன்குமார் தங்கமானவர். அவருடைய அம்மா சின்னாத்தாளும் கெட்டவர் இல்லை, ஆனால் தன் வீட்டு விஸ்தாரத்தை மறக்காதவர். கட்டுச்சோறு விருந்து முடிந்து ரித்திகாவைப் பிரசவத்துக்கு அழைத்துவரும்போதே, "ஒட்டி ஒட்டிக் கட்டுன லைன் ஊடு, காத்து வராது. எங்கூட்லயே வெச்சுப் பாத்துக்கலாமேங்க" என்று இரண்டு முறை சொன்னார். பழனாத்தாள் விடவில்லை. தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான். ஐந்தாம் மாதம் குழந்தையைக் கொண்டுபோய் விடுவது என்று பேசி அழைத்துவந்தாள். பெண் குழந்தை பிறந்தது. வீட்டின் நடு உத்தரத்தில் பழைய சேலையால் தொட்டில் கட்டினாள்.

குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகும்போது ரித்திகாவின் காலில் சிவப்பாகப் பொரிப் பொரியாக எழும்பியது. கூடவே பால் கட்டிக்கொண்டு இலேசான காய்ச்சல். மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டிருந்த நேரம் அது. அடுத்த தெருவில் இரண்டு பேருக்கு அம்மை வேறு. காய்ச்சலையும் பொரியையும் சேர்த்துப் பார்த்ததும் பழனாத்தாள் வேறெதுவும் யோசிக்கவில்லை. வாசலில் வேப்பிலைக் கொத்தைக் கட்டிவிட்டாள். இரண்டாம் நாள் அவள் காலிலும் எழும்பியது. அம்மன் நன்றாகவே இறங்கிவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அம்மை போட்ட வீட்டில் என்னென்ன கூடாது என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தாளிக்கக் கூடாது. துணியை அடித்துத் துவைக்கக் கூடாது. சீமாறு எடுத்து வீட்டைக் கூட்டக் கூடாது. வீட்டில் இருப்பவர்கள் ஊர் தாண்டிப் போகக் கூடாது. குழந்தையைப் பார்க்க வந்த சின்னாத்தாள் வாசலில் வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவிலிருந்தே கும்பிட்டார்.

"மூணு தண்ணி தலைக்கு ஊத்தற வரைக்கும் ஆரும் அசையாதீங்க, சம்பந்தியம்மா. கொழந்தைக்கு ஒண்ணும் இல்லியே?"

"இல்லீங்க. தொட்டல்லயேதான் கெடக்கறா."

"ஆத்தா காப்பாத்துவா" என்று சொல்லிவிட்டு அப்படியே பஸ் ஏறினார். அவர் அத்தனை மரியாதையாக அந்த வாசலில் நின்றதை அதுவரை நான் பார்த்ததில்லை.

நான் உதவிக்குப் போயிருந்தேன். கூட்டாத தரையில் நடப்பது எனக்குக் கால் கூசியது. பஞ்சுத் தூசியும் மண்ணும் மூலைகளில் சேர்ந்துகிடந்தன. பழனாத்தாளின் வீட்டுக்காரர் மாரப்பன் தறி மேஸ்திரி, அதிகம் பேசாதவர். அவரும் உட்கார்ந்து காலைச் சொறிந்துகொண்டிருந்தார்.

பக்கத்துப் போர்ஷனில் மெர்சி இருக்கிறாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். ஒருநாள் காலையில் குழாயடியில் பழனாத்தாளிடம் தயங்கித் தயங்கி வந்தாள்.

"பழனாக்கா, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளு அம்மணி."

"எனக்கும் எங்க ஊட்டுக்காரருக்கும் கால்ல இதே மாதிரிதானுங்க இருக்குது. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. எங்கூட்டுக்கும் ஆத்தா வந்திருப்பாளா?"

பழனாத்தாள் சிரித்துவிட்டாள். "ஏன், வரக்கூடாதா? வந்தா ஒரு சொம்பு மோர் குடு" என்றவள், மெர்சி தூக்கிக் காட்டிய காலைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். கணுக்காலைச் சுற்றித்தான் இருந்தது. முழங்காலுக்கு மேலே ஒன்றுமில்லை. தன் காலைப் பார்த்தாள், அப்படியே. உள்ளே போய் ரித்திகாவின் முதுகையும் வயிற்றையும் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. அம்மை என்றால் முகத்திலும் மார்பிலும் அல்லவா முதலில் வரும்? ஒரு வாரமாகியும் ஒரு பொரியிலாவது நீர் கோக்கவில்லை.

"அக்கா, கீழ படுக்கறவங்களுக்கு மட்டும் இருக்குது. தொட்டல்ல கெடக்கறவளுக்கு இல்ல" என்றாள் என்னிடம்.

"மூட்டைப்பூச்சியா இருக்குமோ?" என்றேன்.

"மூட்டைன்னா பாய்ல கறை இருக்குமே. கழுத்து, கையின்னு கடிக்கும். இது கால விட்டு மேல ஏறலியே."

அலமாரியில் வெள்ளைக் காடா துணி இருந்தது. அதைக் கிழித்துப் பாதத்திலிருந்து முழங்கால் வரை சுற்றிக்கொண்டு, வீட்டுக்குள் மெதுவாக நடந்தாள். பழைய சாமான் போட்டுவைக்கும் பரணான அட்டாலிக்குக் கீழே கொஞ்சநேரம் நின்றாள். பிறகு வாசல் வெளிச்சத்துக்கு வந்து காலை நீட்டினாள். வெள்ளைத் துணியில் எள்ளைவிடச் சின்னதாக, பழுப்பும் கறுப்புமாகப் புள்ளிகள் ஒட்டியிருந்தன. நான் ஒன்றை விரலால் அமுக்கினேன். நசுங்கவில்லை. விரலை எடுத்ததும் துள்ளி எங்கேயோ போய்விட்டது.

"தெள்ளு" என்றாள் பழனாத்தாள்.

அட்டாலியில் வேஸ்ட் துணி மூட்டை ஒன்று கிடந்தது. மாசி மாதத்தில் ஒரு பூனை அதில் குட்டி போட்டுவிட்டு, பிறகு குட்டிகளைக் கவ்விக்கொண்டு மெர்சி வீட்டு ஓட்டுக்கு மாறிப் போயிருந்தது. மாரப்பன் ஏணி வைத்து மூட்டையிலிருந்து ஒரு துணியை எடுத்து உதறினார். கறுப்பு மிளகுத்தூள் போல உதிர்ந்தது. அழுக்கா, தெள்ளின் எச்சமா என்று எப்படித் தெரியும்? ஈரமான வெள்ளைத் துணியில் அதைத் தேய்த்தால் தெரிந்துவிடும். வெறும் அழுக்கு கறுப்பாகவே இருக்கும். தெள்ளின் எச்சம் குடித்த இரத்தம் என்பதால் துருப்பிடித்த மாதிரி சிவப்பாகக் கலங்கும். பழனாத்தாள் தேய்த்தாள். சிவந்தது. பூனை இருந்தவரை அதன் மேலிருந்த பூச்சி, அது போனதும் எங்கள் காலைத் தேடி வந்திருக்கிறது. நாங்களோ கூட்டாமல் விட்டு அதற்கு இடம் கொடுத்திருக்கிறோம்.

அன்றைக்கே குழந்தையின் குதிகாலிலும் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. எண்ணெய் தேய்க்கப் பாயில் கிடத்தியபோது கடித்திருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். நர்ஸம்மா பார்த்துவிட்டு, "முதல்லயே வந்திருக்கலாமில்லீங்க? அம்மைன்னாலும் இங்கதான வரோணும்" என்று கடிந்துகொண்டார். வீட்டுக்கு மருந்தடிப்பதானால் குழந்தை அங்கே இருக்கவே கூடாது என்றும் சொன்னார்.

திரும்பி வந்ததும் மாரப்பன் வாயைத் திறந்தார். வேப்பிலை வாசலில் இருக்கும்வரை சம்பந்தி வீட்டார் குழந்தையைக் கேட்கமாட்டார்கள். தெள்ளு என்று தெரிந்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், திரும்ப அனுப்பவும் மாட்டார்கள். பிறந்த வீட்டில் வைத்துப் பார்க்கத் துப்பில்லை என்ற பேச்சும் வரும்.

"வேப்பல அது பாட்டுக்கு இருக்கட்டும். கதவச் சாத்திக்கிட்டு உள்ளார சுத்தம் பண்ணிக்கலாம். ஆருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

"கொழந்தைய எங்கீங்க வெச்சுட்டு மருந்தடிக்கறது?"

"மருந்து வேண்டாம். உப்பத் தூவலாம், வேப்பெண்ண தடவலாம்."

பழனாத்தாள் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ரித்திகா அழுதாள். "அம்மா, அத்தை கிட்டச் சொல்லாதம்மா. வாழ்நாளெல்லாம் சொல்லிக்காட்டுவாங்க."

"சொல்லட்டும் கண்ணு. அம்மன் பேரச் சொல்லி ஊட்டுக்குள்ள தெள்ள வளத்துனா அந்தப் பேச்சு அதவிடக் கேவலம்."

எழுந்து வாசலுக்குப் போய் வேப்பிலைக் கொத்தை அவிழ்த்தாள். கீழே போடவில்லை. தட்டத்தில் வைத்துக் கோயிலுக்கு எடுத்துப்போனாள். நானும் கூடப் போனேன். கம்பத்தடியில் வைத்துவிட்டு, "உன்னக் கேக்காம உன் பேர எழுதி வெச்சுட்டேன் தாயி. மன்னிச்சுக்கோ" என்று மெல்லச் சொன்னாள். அங்கேயே நின்று சின்னாத்தாளுக்குப் போன் போட்டாள்.

மறுநாள் காலையில் சின்னாத்தாள் கார் வைத்துக்கொண்டு வந்தார். வாசலைத் தாண்டவில்லை. பழனாத்தாள் கொண்டுவந்த தண்ணீர்ச் சொம்பைக் கையால் மறுத்தார்.

"எங்கூட்ல மாடு இருக்குது, நாய் இருக்குது, கோழி இருக்குது. தெள்ளு மட்டும் கெடையாது பாருங்க."

"இருக்கலாமுங்க. எங்கூட்ல இருக்குது. அதான் கூப்புட்டேன்."

"பச்சக் கொழந்தைய இந்த எடத்துல வெச்சிருந்தீங்களே!"

"தெரிஞ்ச அன்னிக்கே சொல்லிப்போட்டனுங்க. மருந்தடிச்சு, பூச்சி சுத்தமா அத்துப்போச்சுன்னா நானே போன் பண்ணறேன். அப்பக் கூட்டிட்டு வந்து உடோணும். அஞ்சாம் மாசம் வரைக்கும் எம்பேத்தி இங்கதான் இருக்கோணும்."

"அத அப்பப் பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டார். ரித்திகாவும் கூடவே காரில் ஏறினாள். கார் போனபின் பழனாத்தாள் தொட்டில் சேலையை அவிழ்த்து மடித்தாள். கொஞ்சநேரம் அதை மடியிலேயே வைத்திருந்தாள். பிறகு அதையும் வெந்நீரில் போட்டாள்.

தன் வீட்டை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரே சுவர், ஒரே ஓடு. லைனில் இருந்த ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, "எங்கூட்ல தெள்ளு வந்திருக்குதுங்க. உங்க காலப் பாருங்க" என்றாள். ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். மற்றவர்கள் காலைப் பார்த்தார்கள். நிறையப் பேர் அதுவரை வெளியில் சொல்ல வெட்கப்பட்டுச் சொறிந்துகொண்டிருந்தவர்கள்தான். மெர்சி பூனையையும் குட்டிகளையும் கூடையில் போட்டுக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மருந்து போட்டு வந்தாள்.

அட்டாலி மூட்டையை நன்றாகக் கட்டி எடுத்துப்போய் எரித்தோம். பாய் விரிப்பு, தலையணை உறை, போர்வை எல்லாம் அண்டாவில் கொதித்தன. தரை வெடிப்புகளையும் கட்டில் காலடிகளையும் சுவரோரங்களையும் கூட்டினோம். கூட்டியதை வாசலில் கொட்டாமல் சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டோம். வாசலில் கொட்டினால் அது மறுபடியும் உள்ளேதான் வரும். எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் ஆள் வந்து மருந்தடித்தார். தரை காயும்வரை அத்தனை பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம்.

ஒரு வாரம் நிம்மதியாக இருந்தது. பிறகு மறுபடியும் கடித்தது. "மருந்து தண்ணிதான் போல" என்று லைனே முணுமுணுத்தது. மருந்தடித்தவரைக் கேட்டபோது அவர் பதறவில்லை. புழு கட்டிய கூட்டுக்குள் இருக்கும் பூச்சியை மருந்து தொடாது. ஆள் நடக்கும் அதிர்வில்தான் அது வெளியே வரும், வந்தால் தரையிலிருக்கும் மருந்தில் செத்துப்போகும். வீட்டைச் சும்மா விடாமல் நடக்கவும் கூட்டவும் வேண்டும் என்றார். பழனாத்தாள் தினமும் தறியிலிருந்து வந்ததும் காலில் காடா துணியைச் சுற்றிக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். மாரப்பன், "ஆளில்லாத ஊட்டுல அணிவகுப்பா?" என்றார். அடுத்த நாள் அவரும் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு பின்னால் நடந்தார். துணியில் புள்ளி குறைந்துகொண்டே வந்தது. ஒட்டாமல் போன அன்றும் அவள் போன் பண்ணவில்லை. இன்னும் ஒரு வாரம் நடந்து பார்த்துவிட்டுத்தான் பண்ணினாள்.

"பாக்கறேனுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார் சின்னாத்தாள்.

வருவாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் கார் வந்து நின்றது. ரித்திகாவும் குழந்தையும் காரிலேயே இருந்தார்கள். சின்னாத்தாள் மட்டும் இறங்கினார்.

"ரித்திகா சொன்னாளே, அந்த வெள்ளத் துணிய எடுங்க" என்றார்.

பழனாத்தாள் கீழே உட்கார்ந்து சம்பந்தியின் கால்களில் சுற்றப் போனாள். "நீங்க தொடாதீங்க, நானே சுத்திக்கறேன்" என்று அவரே சுற்றிக்கொண்டார். உள்ளே போனார். அட்டாலிக்குக் கீழே, கட்டிலுக்குப் பக்கத்தில், சமையல் மேடையோரம் எல்லாம் நின்று நின்று நடந்தார். வெளியே வந்து காலைத் தூக்கிப் பார்த்தவர், "இது என்னங்க?" என்றார்.

துணியில் ஒரு கறுப்புப் புள்ளி. காருக்குள்ளிருந்து ரித்திகா எட்டிப் பார்த்தாள். பழனாத்தாள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதை எடுத்து, துணியின் ஓரத்தைத் தண்ணீரில் நனைத்து, எல்லோர் கண்ணெதிரிலும் தேய்த்தாள். சிவக்கவில்லை. நகத்தால் அமுக்கியதும் உள்ளே மஞ்சளாக உடைந்தது.

"கடுகுங்க. காலைல தாளிச்சது" என்றாள்.

சின்னாத்தாள் அந்தத் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அவிழ்த்து மடித்துப் பழனாத்தாளின் கையில் கொடுத்தார்.

"போனவாரம் எங்கூட்டு நாயையும் இப்படித்தான் ஈரத்துணியில தேய்ச்சுப் பாத்தேன்" என்றார், அவளைப் பார்க்காமல்.

"என்னாச்சுங்க?"

"செவந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. மாரப்பன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருவுக்குப் போனார். சின்னாத்தாள் கார்ப் பக்கம் கையை ஆட்டினார். "ஏ கண்ணு, கொழந்தைய எறக்கு. வெயில்ல எத்தன நேரம் வெச்சிருப்ப?" என்று மருமகளை அதட்டிவிட்டு, உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நெம்ப வெயிலுங்க, சம்பந்தியம்மா. ஒரு சொம்பு தண்ணி குடுங்க."

பழனாத்தாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மடித்து வைத்திருந்த தொட்டில் சேலையை எடுத்து உத்தரத்தில் போட்டாள்.