இரண்டு கிண்ணம் தாளி

இந்த ஊரில் தலைமுடிக்கும் நம்பர் உண்டு. கண்டிஷனர் வாங்கப் போனால் நேர்முடி ஒன்று, அலைமுடி இரண்டு, சுருட்டை மூன்று என்று புட்டியிலேயே போட்டிருக்கிறார்கள். என் மகள் யாழினி மூன்றாம் நம்பர். எங்கள் ஊரான கம்பத்தில் நம்பரெல்லாம் கிடையாது. "கோரைமுடி குடியக் கெடுக்கும், சுருட்டமுடி சோறு போடும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். நேராக விழும் கோரைமுடிக்காரி நான் இந்த லீட்ஸ் நகரத்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். சுருட்டைமுடிக்காரி என் அக்கா செல்வி, குமுளி மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து போய்ச் சேர்ந்தாள். பழமொழி சொன்னவர்கள் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

அக்கா வாக்கப்பட்டது குமுளியில். அங்கே மலையாளத்துப் பெண்களிடம் தாளி செய்யக் கற்றுக்கொண்டாள். செம்பருத்தி இலையைத் தண்ணீரில் கசக்கினால் வருகிற வழவழப்பான பச்சைச் சாறுதான் தாளி. ஊருக்கு வரும்போதெல்லாம் இரண்டு கிண்ணத்தில் கலக்குவாள். அவளுடைய வறண்ட சுருட்டைக்குத் தேங்காய்ப்பால் விட்டு ஒன்று, எண்ணெய் வழியும் என் கோரைக்கு வெந்தயத் தண்ணீர் விட்டு ஒன்று. "ஒனக்குப் பால ஊத்துனா தல ஒட்டிக்கிரும்டி. அங்கன அப்பிடித்தான் சொன்னாக" என்பாள்.

அவளைக் கடைசியாகக் குளிப்பாட்டியபோது, "தாலியோட போயிட்டா, புண்ணியவதி" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவசரத்தில் யாரோ சீயக்காயைத் தேய்த்து ஊற்றினார்கள். சிக்கெடுக்க யாருக்கும் நேரமில்லை. சிக்குப் பிடித்த தலையோடுதான் அவளைத் தூக்கினார்கள். அதை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

யாழினிக்கு அச்சாக அதே முடி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலோரத் தொட்டியிலிருந்து இலை பறித்து, தேங்காய்ப்பால் விட்டு, விரலாலேயே சிக்கெடுப்பேன். முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும்போது அவள் அக்காவேதான். பயமாக இருக்கும். ஆனாலும் சீக்கிரம் முடிக்க மனம் வராது.

போன கோடையில் முடியை நேராக்க வேண்டும் என்றாள். முடியவே முடியாது என்று மல்லுக்கு நின்றேன்.

"இது என் முடியாம்மா, பெரியம்மா முடியா?" என்று கேட்டாள். மறுநாளே சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

சலூன்காரப் பெண் முடியைத் தொட்டுப் பார்த்து, என்ன போடுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"தாளி. என் அக்கா செய்வாள்."

"ஓ, டாலி! உங்கள் அக்காவா? இதைப் பார்த்தால் டாலி வருத்தப்படுவாரே" என்று சிரித்தாள். யாழினியும் சிரித்தாள். நான் வெளியே போய் மழையில் நின்றேன்.

இப்போது வேரில் விரலளவு சுருட்டை முளைத்திருக்கிறது. அதற்குக் கீழே நுனிவரை என்னுடையதைப் போலக் கோரை. இந்த முடிக்குக் கடையில் நம்பர் இல்லை. அதனால் நானும் இரண்டு கிண்ணம் கலக்குகிறேன், நுனிக்கு வெந்தயம், வேருக்குத் தேங்காய்ப்பால். சலூனுக்குப் போய்வந்ததிலிருந்து யாழினிக்குத் தாளியின் பெயர் டாலி.

"அம்மா, டாலி வந்தாச்சா?" என்று குளியலறையிலிருந்து கூப்பிடுகிறாள்.

கிண்ணங்களை எடுத்துக்கொண்டு, "வந்துட்டாடி" என்கிறேன்.