துடுப்பில் இரண்டு துணி

இணையத்தை அரசாங்கத்தால் நிறுத்த முடியுமா என்று யாராவது தொண்டை கிழிய விவாதித்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஒரு வியாழக்கிழமை, என் காபி ஆறுவதற்குள், ஒரே ஒரு குறட்டால் நிறுத்திவிட்டுப் போனார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கத் தெருவில், எங்கள் வீட்டு முன்னறையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரே டெலிபோன் லைன். மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தி, இரைந்து, கடைசியில் லைன் பிடித்துவிட்டால் அறையில் இருக்கிற அத்தனை பேரும் கைதட்டுவார்கள். எனக்கோ தலைகால் புரியாத கர்வம். உலகத்தையே வாசற்படிக்குக் கொண்டுவந்துவிட்டதாக நினைப்பு.

என் கர்வத்துக்குத் தூபம் போட ஒருவர் இருந்தார். நங்கநல்லூர் மாமா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தேனாம்பேட்டையில் ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை. மத்தியான இடைவேளையில் ஸ்கூட்டரில் வந்து இறங்கிவிடுவார். வீட்டில் அவருக்கும் நெட் உண்டு. ஆனால் அது மலிவு ரகம். கறுப்புத் திரையில் பச்சையாக ஆங்கில எழுத்து மட்டும் ஓடும். படம் வராது, சத்தம் வராது, தமிழும் வராது. கலரில் பார்க்கத்தான் என்னிடம் வருவார். வந்தால் சும்மா இருப்பாரா?

"நெட்டுங்கறது எந்த கவர்மெண்டாலயும் நிறுத்த முடியாத வஸ்து, தெரிஞ்சுக்கோ. ஒரு வழியை அடைச்சா இன்னொரு வழியா போயிண்டே இருக்கும்" என்பார். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவேன்.

இன்னொரு வாடிக்கை, நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் விற்கிற அக்கா. எழுதப் படிக்கத் தெரியாது. அவள் வீட்டுக்காரர் வளைகுடாவில் படகு கட்டும் ஒரு பட்டறைக்குப் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அவர் சொல்வதை அங்கே ஒரு கிளார்க் ஆங்கிலத்தில் தட்டி மெயில் அனுப்புவான், நான் படித்துச் சொல்வேன். அக்கா சொல்வதை நான் ஆங்கிலத்தில் தட்டுவேன், கிளார்க் அவருக்குப் படித்துச் சொல்வான்.

அதில்தான் வந்தது வினை. அதே பட்டறையில் வேலை பார்த்த காசிமேட்டு ஆள் ஒருவருக்கு வீட்டிலிருந்து "வந்துவிடு" என்று மெயில் வந்திருக்கிறது. கிளார்க் அதை "இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க" என்று படித்துவிட்டான். அந்த மனிதர் நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆட்களைத் தக்கவைத்தால் கிளார்க்குக்கு முதலாளியிடம் நல்ல பெயர். அந்தக் கதை தெரிந்ததிலிருந்து அக்கா வீட்டுக்காரர் மெயிலை நம்புவதே இல்லை. "உன் குரலைக் கேட்டாத்தான் நம்புவேன்" என்று சொல்லிவிட்டார்.

குரலுக்கு வழி இருந்தது. கம்ப்யூட்டரில் மைக்கைச் செருகினால் பேசலாம். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, மேலாளர் வரமாட்டார். கிளார்க்கே கொஞ்சம் காசு வாங்கிக்கொண்டு பத்து நிமிஷம் பேச விடுவான். டெலிபோனில் கூப்பிட்டால் மட்டும் தொழிலாளிகளைக் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை. இரண்டு முறை கூப்பிட்டு இரண்டு முறையும் வைத்துவிட்டார்கள். ஆனால் நெட்டில் குரலில் பேசுவது அப்போது சட்டப்படி குற்றம். தெரிந்தேதான் செய்தேன். மைக்கைச் சேமியா டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருப்பேன். என்ன செய்வது, அந்த அக்கா அவர் குரலைக் கேட்டதும் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சிரிப்பாளே, அதைப் பார்த்த பிறகு சட்டம் எங்கே ஞாபகம் இருக்கும்!

அந்த வாரம் சனிக்கிழமை காலை அவர் கையெழுத்துப் போட வேண்டிய நாள். போட்டால் இன்னும் இரண்டு வருஷம் அங்கே. போடாவிட்டால் டிக்கெட், வீடு. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவளிடம் கேட்டுவிட்டு முடிவு செய்வதாக ஏற்பாடு.

"இன்னா சொல்லப் போறே அக்கா?" என்று கேட்டேன்.

"இன்னா சொல்றது? என் தம்பி புதுசா ஃபைபர் படகு எடுக்கறான், கடலுக்குப் போவ கூட ஆளு வேணும், அது ஒண்ணு. பொண்ணு அப்பன் மூஞ்சிய மறந்துட்டா, அது ஒண்ணு. அத்தெல்லாம் வுடு. எனக்கு அந்தாளு வேணும் கண்ணு. அவ்ளோதான்."

வியாழக்கிழமை காலை டெலிபோன் இலாகாவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கையில் ஃபைல், இன்னொருவர் கையில் குறடு. ஃபைல்காரர் நேராக வந்து சேமியா டப்பாவைத் திறந்தார். யார் போட்டுக் கொடுத்தார்களோ!

"இது இன்னாம்மா?"

"மைக் சார். பாட்டு ரெக்கார்டு பண்ண."

"சேமியா டப்பாவுலயா?" என்று கேட்டுவிட்டு, குறடுக்காரரைப் பார்த்துத் தலையை அசைத்தார். வாசல் சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து இரண்டு ஒயரை நறுக், நறுக்கென்று வெட்டினார் அவர். முடிந்தது கதை! "திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்து எழுதிக் குடுங்க, பாக்கலாம்" என்று கிளம்பிப் போனார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! எதிர் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, என் ஜென்மப் பகையாளியான தி.நகர் சென்டர்காரருக்கே போன் போட்டேன். "உங்களுக்குமா? இங்கயும் காலையிலேயே வெட்டிட்டாங்கம்மா" என்றார். அடையாறிலும் அதே கதை. மைக் இருந்த கடை ஒன்று விடாமல் ஒரே காலையில் முடித்திருக்கிறார்கள். மத்தியானம் வந்த நங்கநல்லூர் மாமா வெட்டிய ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"நிறுத்த முடியாதுன்னீங்களே மாமா!" என்று கத்தினேன்.

மனுஷர் அசரவில்லை. "ஒரு வழியைத்தானே அடைச்சிருக்கான்? எங்காத்து லைன் இருக்கே. நாளைக்கு லீவு போட்டுடறேன். கடுதாசியெல்லாம் எடுத்துண்டு வா."

அடடா, அதற்கப்புறம் என் முன்னறையைப் பார்த்திருக்க வேண்டும்! லைன்தானே போயிற்று, கம்ப்யூட்டர் ஓடுகிறதே. சேதி பரவி, வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து மெயிலைத் தட்டினார்கள். பரீட்சை எண் கேட்கிறவர், மாப்பிள்ளை ஜாதகம் வேண்டுகிறவர், மகளுக்குப் பிரசவம் ஆயிற்றா என்று தவிக்கிறவர். பகையாளியும் தன் வாடிக்கையாளர்களின் கடிதங்களை ஃபிளாப்பியில் போட்டு ஆட்டோவில் அனுப்பிவைத்தார். நெட் இருந்தபோது இவர்கள் யாரும் ஒருவரோடொருவர் பேசியதே இல்லை. அன்று அந்த ஜாதகக்காரருக்கு மூன்று வரன் அங்கேயே கிடைத்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை மயிலாப்பூரில் மீனுக்குக் கிராக்கி இல்லை, அதனால் அக்காவிடம் பாதிக் கூடை மிச்சம். அதை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். என் மொபெட்டின் பின்னால் அவள், அவள் மடியில் கூடை, என் கைப்பையில் ஃபிளாப்பிகள். கிண்டி தாண்டுவதற்குள் இரண்டு பஸ் டிரைவர்களைத் திட்டித் தீர்த்துவிட்டாள்.

நங்கநல்லூரில் மாமி வாசலுக்கு வந்தார். மூக்கு ஒரு கணம் சுருங்கியது, நான் பார்த்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "வாங்கோ, வாங்கோ. கூடையை அந்த வேப்ப மரத்து நிழல்ல வச்சுடுங்கோ, பூனை வராம நான் பாத்துக்கறேன்."

மாமா கறுப்புத் திரையைத் திறந்தார். மைக்குக்கு அங்கே இடமே கிடையாது. நான் புத்திசாலி அல்லவா, அதற்கும் ஏற்பாடு செய்திருந்தேன். அக்கா வீட்டுக்காரருக்குத்தான் தமிழ் படிக்கத் தெரியுமே? அக்கா சொல்லச் சொல்ல, கடையில் என் தமிழ் எழுத்துருவில் அழகாக அடித்து ஃபிளாப்பியில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். கிளார்க் என்னத்தை மாற்றிச் சொல்ல முடியும் என்று எனக்குள்ளே ஒரே கும்மாளம். பத்தே முக்காலுக்கு அனுப்பினோம்.

பதினொன்றேகாலுக்குக் கிளார்க்கின் பதில் வந்தது. நான் அதைத் தமிழில் படித்துச் சொன்னேன். "உங்கள் கடிதம் முழுக்கக் குப்பை எழுத்து, ஒன்றும் புரியவில்லை. அவர் கையெழுத்துப் போட வீட்டில் சம்மதம் என்று அவரிடம் சொல்லிவிடுகிறேன். மனைவியின் குரலைக் கேட்டே ஆக வேண்டும் என்று அவர் என் பக்கத்திலேயே அடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்."

சே! அந்த நாளில் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு தமிழ். என் எழுத்துரு அவனிடம் இல்லாவிட்டால் கிறுக்கலாகத்தான் தெரியும். பிரவுசிங் சென்டர்காரி எனக்கு இது தெரியாதா? தெரியும். கர்வத்தில் மறந்தேன். என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

"இங்கிலீஷ்ல அடிச்சுடலாமே" என்றார் மாமா.

"அடிச்சா அவன் மாத்திப் படிப்பான் மாமா. சரியாவே படிச்சாலும் அக்கா வீட்டுக்காரர் நம்பமாட்டார்."

அக்கா அழவில்லை. தரையில் உட்கார்ந்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "கண்ணு, அந்தப் பொட்டில எய்த்து மட்டுந்தான் வருமா? கோடு வராதா?"

"என்ன கோடு?"

"கடல்ல கீற ஆளைக் கரையிலேந்து எப்புடிக் கூப்புடுவோம்? துடுப்புல துணி கட்டிக் காட்டுவோம். ஒரு துணி கட்டினா எல்லாருக்கும், 'காத்து மாறுது, பாத்துக்கோ'ன்னு. எங்கூட்ல மட்டும் ரெண்டு துணி, 'ஒடனே கரைக்கு வந்துடு'ன்னு. பெரியவன் பொறக்கற அன்னிக்கு வலியோட நின்னு ரெண்டு துணி காட்டினேன். வலைய அறுத்து வுட்டுட்டு வந்தாரு. அது அவருக்கும் எனக்கும்தான் தெர்யும்."

மாமா எழுந்தே நின்றுவிட்டார். "பேஷ்! பேஷ்! படிக்கவே தெரியாததை அவன் எப்படி மாத்திப் படிப்பான்?"

விசைப்பலகையில் இருந்த குறிகளை வைத்தே வரைந்தேன். அக்கா திரைக்கு மூக்கு ஒட்டுகிற தூரத்தில் நின்று திருத்தினாள். "ரெண்டும் ஒட்டிக்கினு கீதே, ஒரே துணின்னு நெனைச்சுக்குவாரு. தள்ளிக் கட்டு. கழி இன்னும் நீட்டு. ஆங்."

|~~~~~
|
|~~~~~
|
|
|

கீழே ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: இதை அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அனுப்பிவிட்டு மூன்று பேரும் திரைக்கு முன்னாலேயே நின்றோம். மாமி காபி கொண்டுவந்து வைத்தார், யாரும் தொடவில்லை.

"அவரு பாத்துட்டா கடல்லேந்து திருப்பிக் காட்டுவாரு" என்றாள் அக்கா. "ஒரு துணின்னா, 'பாத்துட்டேன், ஆனா வர முடியாது'. ரெண்டு துணின்னா, 'வந்துகினே கீறேன்'."

பன்னிரண்டு அடிக்கும்போது பதில் வந்தது. முதலில் கிளார்க்கின் புலம்பல்: "என்ன அனுப்பினீர்கள்? படத்தைப் பார்த்துவிட்டு இந்த ஆள் மேஜையைக் குத்திக் குத்திச் சிரிக்கிறார். காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார். என் தோளுக்குப் பின்னால் நின்று, எந்த விசையை எங்கே தட்ட வேண்டும் என்று காட்டி இதைத் தட்ட வைத்தார்." அதற்குக் கீழே, அந்த நத்தை வேக லைனில், படம் வரி வரியாக இறங்க ஆரம்பித்தது. முதல் வரி, ஒரு துணி. இரண்டாவது வரி, வெறும் கழி.

அங்கேயே லைன் அறுந்தது.

"ஐயோ, எங்காத்தையும் வெட்டிட்டானா?" என்று மாமா வாசலுக்கு ஓடினார். யாரும் இல்லை. வழக்கமாக அறுந்துபோவதுதான். மறுபடி டயல் செய்தார். எங்கேஜ். மறுபடி. எங்கேஜ். நான் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் என்று வேண்டிக்கொண்டேன், மாமி ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துவதாகச் சொன்னார். அக்கா என் கையைத்தான் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்த பிடியில் வளையல் அழுந்திய தடம் சாயங்காலம் வரை இருந்தது.

ஏழாவது தடவை மோடம் கத்தியது. அந்தச் சத்தத்தைப் போல் இனிமையான சத்தத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை. கடிதம் மறுபடி முதலிலிருந்து இறங்கியது. கிளார்க்கின் புலம்பல். ஒரு துணி. வெறும் கழி. பிறகு அடுத்த வரி.

நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னவென்று பார்ப்பதற்குள், அக்கா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். மீன் செதிள் ஒட்டிய விரலைக் கண்ணாடித் திரைமேல் வைத்தாள்.

"இது மேல் துணி" என்றாள். விரல் இறங்கியது. "இது கீய் துணி. வர்றாரு கண்ணு."

பதினான்கு மாதமாக அவருடைய ஒவ்வொரு கடிதத்தையும் நான்தான் அவளுக்குப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவள் எனக்குப் படித்துச் சொன்னாள்.