வேப்பிலை கட்டிய காய்ச்சல்

என் பேத்தி பிறந்த மறுநாள் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். அப்போது நான் டாக்டரிடம் பொய் சொன்னேன். பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான்.

அவள் வயிற்றில் இருந்தபோதே பொய் தொடங்கிவிட்டது. பிரசவத்துக்குக் காரைக்குடி வந்திருந்த மகளுக்குக் காய்ச்சல். ரசத்தில் வாசனையே தெரியவில்லை என்றாள். பரிசோதனையில் கொரோனா. வெளியே தெரிந்தால் வாசலில் தகரம் அடிப்பார்கள் என்று பயந்து, நிலைப்படியில் வேப்பிலை செருகினேன். அம்மை கண்ட வீட்டுக்குள் யார் வருவார்கள்? "நல்ல சயின்ஸ்ப்பா உங்களுது," என்று மகள் இருமலோடு சிரித்தாள்.

மகள் தேறிச் சில வாரம் கழித்துப் பிறந்த குழந்தைக்குக் காய்ச்சல் ஏறியதும் மதுரைக்கு அனுப்பினார்கள். ஆபரேஷன் ஆன மகள் இங்கே, மருமகன் சிங்கப்பூரில். எதிர்வீட்டுக்காரர்தான் தன் காரில் எங்களைக் கொண்டுபோனார். கர்ப்பத்தில் தாய்க்கு ஏதாவது நோய் வந்ததா என்று டாக்டரம்மா கேட்டபோது எதிர்வீட்டுக்காரர் என் தோளருகே நின்றார். "அம்மை" என்றேன்.

அம்மைக்கான மருந்து ஏறியது. மதியம்வரை காய்ச்சல் இறங்கவில்லை, இதயம் தறிகெட்டு ஓடியது. டாக்டரம்மா வெளியே வந்தார்.

"எதுவும் பொருந்தலையே சார். அம்மைதானா?"

கண்ணாடிக்குள் அந்தச் சின்ன நெஞ்சு படபடவென்று ஏறி இறங்கியது.

"இல்லம்மா. கொரோனா. தெருவுக்குப் பயந்து மறைச்சேன்."

அவர் திட்டவில்லை, உள்ளே ஓடினார். தொற்றை எதிர்க்கத் தாய் உடம்பில் உண்டான எதிர்ப்புப் பொருள் பிள்ளைக்கும் போய், அரிதாக அதன் உடம்பையே அழற்சியில் தள்ளிவிடும் என்று பிற்பாடு விளக்கினார். ரத்தம் பார்த்து மருந்தை மாற்றினார்கள். நாலைந்து நாளில் பேத்தி பசிக்கு வீறிட்டதில் வார்டே திரும்பிப் பார்த்தது.

ஊர் திரும்பி மகளிடம் எல்லாம் சொன்னேன். அவள் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. பிறகு தெருவில் வீடு வீடாகப் போய் ஒப்புக்கொண்டேன். எதிர்வீட்டு அம்மாள் சிரித்துவிட்டார்.

"அம்மை பாத்த வீட்டுல யாரு சார் நாட்டுக்கோழி தாளிப்பாக? தெருவே மணந்துச்சு. மாசமான புள்ள பயந்துருமேன்னு பேசாம இருந்தோம். எங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான் நம்புனாக. அவுகளுக்கு எப்பவுமே மூக்கு கிடையாது."

பேத்தியின் இதயத்தை வருடா வருடம் பார்க்கிறார்கள், நன்றாக இருக்கிறது. நானும் கூடப் போவேன். டாக்டர் அறை வாசலில் மகள் ஒவ்வொரு முறையும் சொல்வாள்: "நீங்க இங்குட்டே இருங்கப்பா. நான் பேசிக்கிறேன்."

நான் செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்துகொள்கிறேன்.