புடவை முதலில் புறப்பட்டது

அந்துருண்டை வாடை அடித்தால் எனக்குக் கோபம் வரும். யார் வீட்டில் டிரங்குப் பெட்டி திறந்தாலும் சரி, பஸ்ஸில் பக்கத்தில் ஒருத்தி கல்யாணப் புடவையோடு வந்து உட்கார்ந்தாலும் சரி, அந்த வெள்ளை வாடை மூக்கில் ஏறினதும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது, இது மட்டும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

அது என் அண்ணியின் நீலப் புடவையின் வாடை.

அப்போது நாங்கள் செங்கல்பட்டில் இருந்தோம். வைக்கோல் வியாபாரம் செய்த நைனா, தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த அண்ணன், அண்ணி, பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நான். அம்மா இல்லை. அதனால் அடுப்பு அண்ணியுடையது, அதிகாரம் மற்றவர்களுடையது.

அண்ணி பிறந்தது மாமல்லபுரத்தில். ஊர் பார்ப்பது என்றால் என்னவென்று எங்கள் எல்லோரையும்விட அவளுக்குத்தான் தெரியும். அவளுடைய ஊரைத்தான் எல்லோரும் வந்து பார்த்தார்கள். பட்டணத்துக்காரர்கள் காரில் வந்து இறங்கி, கல் யானையின்மேல் சாய்ந்து போட்டோ பிடித்து, புளியோதரை தின்று, இலையை அங்கேயே வீசிவிட்டு, அவள் வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டுக் குடிப்பார்களாம். ஒரு தடவை ஒருத்தி சொம்பைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "பட்டணம் பாத்திருக்கியா? டிராம் பாத்திருக்கியா?" என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்றதும் சிரித்திருக்கிறாள்.

"எங்க ஊர அவங்க பாக்கலாம், நான் அவங்க ஊர பாக்கக் கூடாதா பாப்பா?" என்பாள் அண்ணி, உரலில் குழவியைச் சுற்றிக்கொண்டே. "மாடும் இல்லாம, பொகையும் இல்லாம, நடுத்தெருவுல மணி அடிச்சிகினு ஒரு வூடே நகருதாமே. அதுல ஒரு தபா உக்காந்துட்டு வந்துட்டா போதும்."

அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் அவள் டிராம் ஏறவேண்டும். கல்யாணத்தின்போது அண்ணன் கூட்டிப் போகிறேன் என்றான். ஆடி போனது, தை போனது, இன்னொரு ஆடியும் போனது. பிறகு அந்தச் சேதி வந்தது: பட்டணத்தில் டிராமை நிறுத்தப் போகிறார்கள். அன்று ராத்திரி அண்ணி யாருக்கும் சோறு போடவில்லை. குண்டானை நடுவில் வைத்துவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அண்ணன் லீவு சொன்னான். கிடைத்தது புதனும் வியாழனும்.

திட்டம் முதலில் சின்னதாகத்தான் இருந்தது. காலை பாசஞ்சர், எழும்பூர், ஒரு டிராம், ஒரு கடற்கரை. ராத்திரி சிந்தாதிரிப்பேட்டையில் எதிர்வீட்டு டீச்சரம்மாவின் தங்கை வீட்டில் படுக்கை. மறுநாள் திரும்புவது. ஆனால் ஆண்கள் திட்டம் போட உட்கார்ந்தால் ஊர் பெருத்துக்கொண்டே போகும். முதல் நாள் சாயந்திரம் செத்த காலேஜ் சேர்ந்தது. மியூசியத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். மறுநாள் உயிர்க் காலேஜ், சிங்கம் புலியோடு. நைனாவுக்குக் கந்தகோட்டத்தில் ஒரு கும்பிடு. அண்ணனுக்கு மூர் மார்க்கெட். வெற்றிலை மென்றுகொண்டே, போகாத ஊரை வாயாலேயே தின்று தீர்த்தார்கள். ஒவ்வொன்று உள்ளே வரும்போதும் டிராம் ஓர் அடி பின்னால் போய் நின்றது. கடைசியில் அண்ணன், "டிராமுக்கு டைம் இருந்தா பாக்கலாம்" என்றான். யாருக்காகப் பயணமோ, அவளுடைய ஆசைக்குத்தான் டைம் இல்லை.

அதற்குள் நைனா பஞ்சாங்கத்தைப் பிரித்தார். புதன்கிழமை வடக்கே சூலம், பட்டணமோ வடக்கே. முன்னொரு புதன்கிழமை வடக்கே வண்டி ஓட்டிப்போய், சிங்கப்பெருமாள்கோயில் தாண்டி அச்சு ஒடிந்து, வைக்கோல் பாரத்தோடு நடுரோட்டில் கிடந்த ஆள் அவர். பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றார். நாம் கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன் ஒரு நல்ல நாளில் நம் துணி ஒன்றை மஞ்சள், பாக்கோடு மூட்டை கட்டி, போகிற திசையில் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். துணி போய்விட்டால் ஆள் போன மாதிரி. கிளம்பும்போது போகிற வழியில் எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். பயணம் போகாமல் அதைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

திங்கட்கிழமை காலை நைனா அண்ணனிடம் ஒரு வேட்டி கேட்டார்.

"இன்னா நைனா, ரெண்டே ரெண்டுதான் சலவைக்குப் போய் வந்துகீது. மூட்டைல கட்டினா கசங்கிப் போவும். அவளுதுல ஒண்ணு வை."

"சரி வுடு. குடும்பத்துல யார் துணியா இருந்தா இன்னா?" என்றார் நைனா.

அண்ணி பெட்டியைத் திறந்தாள். நீலப் புடவை, அந்துருண்டை வாடை. எதிர்ச்சாரியில், எங்களுக்கு வடக்கே இருந்த டீச்சரம்மா வீட்டுக்கு அவளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். திரும்பி வந்தவள் நடையே வேறாக இருந்தது. தண்ணீர்க் குடத்தோடு போனாலும், ஏதோ வண்டியிலிருந்து பார்க்கிற மாதிரி எங்களைப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அண்ணன் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "கச்சேரில நாலு பேர் கூட வராங்க. பொம்பளைங்கள இட்டுகினு போனா பேஜாரு. நீங்க ரெண்டு பேரும் அடுத்த மாசம் போலாம்."

"அடுத்த மாசம் டிராம் இருக்குமா?" என்றாள் அண்ணி.

"டிராம் போனா இன்னா, ஊரு எங்க போவப்போவுது? பஸ்ஸு கீது இல்ல?"

அடுத்த மாசம். இந்த இரண்டு வார்த்தையை எந்தப் பாவி கண்டுபிடித்தானோ. இதை வைத்தே நம் வீடுகளில் பெண்களை உட்கார வைத்திருக்கிறார்கள். கதவைச் சாத்தவேண்டாம், தாழ் போடவேண்டாம், அடுத்த மாசம் என்று சொன்னால் போதும், அவள் வயிறும் வாயும் மூடி வருஷக்கணக்கில் காத்திருப்பாள். நான் கத்தினேன். "நீ சும்மா இரு பாப்பா" என்றார் நைனா. அண்ணி கத்தவில்லை. வாசற்படியில் நின்று அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனே போய் மாட்டிக்கொண்டான். "நைனா, காலைல போவசொல்லோ டீச்சரம்மா வூட்ல மூட்டைய எடுத்துக்கறேன்."

"எந்த மூட்டை?" என்றாள் அண்ணி.

"பரஸ்தான மூட்டைதான்."

"அது என் பொடவையாச்சே. கட்டிகினு போவப்போறீங்களா?"

நான் சிரித்துவிட்டேன். நைனா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

"மாமா, நீங்க சொன்னதுதான். துணி போச்சுன்னா ஆளு போன மாதிரின்னு. நான் திங்கக்கிழமையே கெளம்பிட்டேன். இங்க நின்னுகினு இருக்கிறது உங்களுக்கு சோறு போட. நான் போவலன்னா மூட்டை திரும்பி இந்த வூட்டுக்குத்தான் வரணும். கொண்டாரட்டுமா?"

நைனா பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினார். மாற்றி வேட்டியை வைக்கலாம் என்றால் செவ்வாய்க்கும் அதே வடக்கே சூலம். அவர் முகத்தில் அந்த ஒடிந்த அச்சு தெரிந்தது. "இட்டுகினு போடா அவள" என்றார்.

"பொண்டாட்டிய இட்டுகினு போனா அவனுங்க கிண்டல் பண்ணுவானுங்க. நான் தனியா போறேன்."

"உன் துணி மூட்டைல இல்ல. புதன்கெழம தனியா வடக்கே போவக் கூடாது."

"அப்ப யாரும் போவாணாம்!"

சத்தம் கேட்டுத் தெருவைத் தாண்டி வந்து நின்றிருந்த டீச்சரம்மா, "நான் இட்டுகினு போறேன்" என்றாள். "ரெண்டு நாள் லீவு போட்டா பள்ளிக்கூடம் ஓடியா போயிடும்? தங்கச்சி வூடுதானே."

"நானும் போறேன்" என்றேன்.

"கல்யாணம் ஆவாத பொண்ணு, உனக்கு இன்னா?" என்றார் நைனா. "உன் துணி அதுல கீதா?"

திங்கட்கிழமை அந்த ஒரு புடவை குடும்பம் முழுவதற்கும் போதுமானதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை விளக்கு வைப்பதற்குள் ஒரே ஒருத்தி உடம்புக்குச் சுருங்கிவிட்டது. சாத்திரம் என்றால் ரப்பரா? இதைக் கேட்டேன். நைனா பஞ்சாங்கத்தை மூடி வைத்தார். அடுத்த மாசம் எனக்கு வந்தபோது டிராம் நின்றுவிட்டிருந்தது. அது அடித்த மணி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

புதன்கிழமை காலை, சூலத்துக்குப் பரிகாரமாக ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு அண்ணி படி இறங்கினாள். எதிர்வீட்டில் மூட்டையை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணனும் ஸ்டேஷனுக்கு வந்தான். வராவிட்டால் தெரு பேசும். கொளவாய் ஏரிக் காற்றில் கரிப்புகை கீழே அமுங்கி எங்கள் கண்ணையெல்லாம் கரித்தது. டீச்சரம்மா உள்ளே இடம் பிடித்தாள். அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் கம்பிக்குள் கையை விட்டு அந்த முடிச்சைத் தொட்டேன். மஞ்சளும் அந்துருண்டை வாடையும் விரலில் ஒட்டின.

கார்டு கொடி காட்டினார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. அதுவரை தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"ராத்திரிக்கு எனக்கு இன்னா?"

அண்ணி கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அரிசி ஊறுது. உரலு எங்கியும் போவல. பாப்பாவ அரைக்கச் சொல்லாதீங்க, நீங்களே அரைங்க."