செல்லுக்கு சிக்னல் கிடைத்த கதை

உங்கள் செல்லுக்கு சிக்னல் கிடைக்கிறதா? எனக்கு இந்தக் கேள்விதான் பிழைப்பு. சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவி, லேபிள் ஒட்டுகிறேன். பிள்ளையைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு, பாசிர் ரிஸ்ஸில் ரயிலைப் பிடிக்க ஓடும் அம்மாக்களே, உங்களுக்குத்தான் இது.

எந்த செல்?

சேர்ந்த முதல் நாள். ஆய்வை நடத்தும் டாக்டர் நசீமா அக்கா, நாலு தலைமுறையாய்ச் சிங்கப்பூர்க்காரர், பேச்சுக்குப் பேச்சு 'லா' சேர்ப்பவர், கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "செல்லுக்கு சிக்னல் சரியாப் போகல" என்றார். எங்கள் ஊரில் செல் என்றால் போன். "ஜன்னல் பக்கம் போய்ப் பாருங்கக்கா, கிடைக்கும்" என்றேன்.

சிரித்து முடித்து, என்னை மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தார். கூழாங்கல் பரப்பின மாதிரி இருந்தது. "அது ஹேண்ட்போன்லா செல்வி. இது ஸ்டெம் செல். ஈரலா, மூளையா, இதயமா, என்ன ஆகணும்னு இன்னும் யாரும் இதுக்குச் சொல்லல."

'ஆரம்பி', 'போதும்'

சொல்வது மருந்து வழியாக. இதயம் வேண்டுமென்றால் முதலில் ஒரு மருந்து ஒரு சிக்னலைத் தூண்டிவிடும். மூன்றாம் நாள் இன்னொரு மருந்து அதே சிக்னலை அடக்கும். முந்தினாலும் பிந்தினாலும் கெட்டது. கண்ணுக்கே தெரியாத ஒன்று இப்படி நாள் பார்க்கிறதே என்று அசந்துபோனேன். அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை இதயச் செல் வரவில்லை. மூன்றாவதும் போனால் இந்த ஆய்வையே மூடச் சொல்லிவிட்டார் மேலதிகாரி.

"என் மகளுக்குச் சோறு ஊட்டவும் 'வாங்கு', 'போதும்' ரெண்டும் வேணும்கா" என்றேன்.

"உன் மகளாச்சும் அழுது காட்டுவா. இது சத்தமில்லாம வேற ஏதாச்சும் ஆயிடும்லா."

பூஜ்ஜியம்

தினமும் நாள் எண்ணை ஒட்டுவது நான். முதல் மருந்து போட்ட அன்றைக்கு 1 என்று எழுதினேன். பிள்ளை பிறந்த நாளையும் சேர்த்துத்தானே முப்பது எண்ணுகிறோம்! 3 ஒட்டிய காலையில் செல் வளர்த்த பழைய தட்டுகளை ஒழிக்கப் போனால், அவற்றின் மூடிகளில் எல்லாம் 0, 1, 2 என்று வரிசை; முதல் மருந்து போட்ட நாளுக்கு இங்கே 0! அங்கே அக்கா, என் லேபிளை நம்பி, இரண்டாம் மருந்தோடு நிற்கிறார். வேலை போனாலும் போகட்டும் என்று கத்தினேன். "அக்கா, ஊத்தாதீங்க! இன்னிக்கு ரெண்டுதான்!"

நோட்டைப் புரட்டிப் பார்த்து மருந்தைக் கீழே வைத்தார். "உன் தப்பைவிட உன் சத்தம் பெருசுலா. நல்லவேளை."

துடிப்பு

அடுத்த வாரம் ஒரு காலை, அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார். குனிந்து பார்த்தேன். நெஞ்சும் இல்லை, உடம்பும் இல்லை; வெறும் தட்டில் துடிக்கிறது! மகள் வயிற்றில் இருந்தபோது ஸ்கேனில் பார்த்த அதே துடிப்பு. கையுறை போட்ட கையால் கண்ணைத் துடைக்க முடியாமல் அக்கா நின்றார். "செல்வி, உன் ஹேண்ட்போன்ல எடுத்து எங்கம்மாவுக்கு அனுப்பேன்."

எடுத்தேன். அனுப்பினால், சுற்றிக்கொண்டே இருக்கிறது. தட்டில் இருந்த செல்லுக்கெல்லாம் சிக்னல் கிடைத்துவிட்டது, என் செல்லுக்குத்தான் கிடைக்கவில்லை.

"ஜன்னல் பக்கம் போய் அனுப்புலா, செல்வி!"